எண்ணெய் வைத்தவள்

அந்த வீடியோவைக் கொஞ்சம் நிறுத்து கண்ணு. நிறுத்திவிட்டு முதலிலிருந்து போடு. காதில் மாட்டுகிறதைக் கழற்றிவிடு, எனக்கும் கேட்கட்டும். சத்தத்தை மட்டும் குறைத்துக்கொள். முன்னால் மூன்றாவது சீட்டில் பச்சைச் சேலை கட்டிக்கொண்டு, பக்கத்தில் துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருக்கிறாளே, அவள் காதில் விழ வேண்டாம்.

ஆமாம், அவளேதான். உன் போனில் வட்டம் போட்டுக் காட்டுகிறார்களே, அதே யோகராணி. கரடியை வெட்டினவள். ஐயோ, எட்டிப் பார்க்காதே. பார்த்தால் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்குத்தான் ஊரே விழுந்து கிடக்கிறது.

எனக்கு யாரா? ஓரகத்தி. என் வீட்டுக்காரருடைய தம்பி பெண்டாட்டி. ஒரே லயத்தில், எஸ்டேட் வரிசை வீட்டில், எனக்கு நாலாவது வீடு, அவளுக்கு ஐந்தாவது. ஒரே எஸ்டேட்டில்தான் தேயிலைக் கொழுந்து எடுக்கிறோம். அந்தத் துண்டு எனக்காகப் போட்டதுதான். "அக்கா, ஜன்னல் ஓரமா உக்காரு, தையல் போட்ட தோளு இடிபடாம வரும்" என்றாள். நான் கேட்டேனா? இந்தப் பஸ்ஸில் எனக்கு வேறு சீட்டே கிடைக்காதா? அதனால்தான் பின்னால் வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். உனக்கு இடைஞ்சல் இல்லையே?

சரி, போடு.

இதோ, நாலு கட்டத்தில் நாலு பேர். இந்தக் கண்ணாடிக்காரர் நமக்காகப் பேசுகிறவர். மனுஷன் உயிரா, மிருகத்தின் உயிரா என்று மேசையைத் தட்டுவார் பார். இந்த அம்மா கரடிக்காக அழுகிறவர். அழட்டும், நல்ல மனசுதான். அது பல் தேய்ந்த கிழக்கரடியாம். அறுத்துப் பார்த்த டாக்டர் சொல்லியிருக்கிறாராம். பல் தேய்ந்த கரடியால் ஆளைக் கொல்ல முடியுமா என்று கேட்கிறார்கள். பல் தேய்ந்தால்? நகம் தேயவில்லையே அம்மா. என் தலையில் இருபத்திரண்டு தையல், தோளில் பத்தொன்பது. இதை எந்தக் கட்டத்தில் காட்டினார்கள்?

கேள், கேள், இப்போது வரும். "உடன் வேலை செய்த பெண்ணைக் காப்பாற்ற." கேட்டாயா? உடன் வேலை செய்த பெண். அது நான். சிவபாக்கியம் என்று அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. இந்த வீடியோவில் யோகராணி என்ற பெயர் பதினாலு முறை வருகிறது. எண்ணிப் பார்த்தேன். கரடியைக்கூட ஒரு ஆள் 'அவள்' என்று மனுஷி மாதிரிச் சொல்கிறார். நான் மட்டும் உடன் வேலை செய்த பெண்.

நிறுத்திவிடு, போதும். நான் சொல்கிறேன். அடியில் கிடந்தவள் நான். எனக்குத் தெரியாதது இந்த நாலு கட்டத்துக்கும் தெரிந்துவிடுமா?

எங்கள் எஸ்டேட்டில் ஒரு வழக்கம். தேயிலைச் செடியைச் சில வருஷத்துக்கு ஒரு முறை மொட்டையாக வெட்டி விடுவார்கள். கவ்வாத்து என்போம். வெட்டின காட்டில், தேயிலைத் தோட்டத்தைத்தான் காடு என்போம், மறுபடி கொழுந்து வர மாசக்கணக்கில் ஆகும். அப்படி வந்த முதல் நாள் யாரும் சும்மா செடியில் கை வைக்க மாட்டோம். காட்டு மூலையில் மாடசாமி கல் இருக்கும். அதற்கு விளக்கு வைத்து, ஒருத்தி முதல் கொழுந்தைக் கிள்ளிக் கல்மேல் வைப்பாள். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் செடி நிரையில் இறங்குவது. பதினோரு வருஷமாக அந்த முதல் கொழுந்தைக் கிள்ளினது நான். எந்தக் காடாக இருந்தாலும் சரி, "சிவபாக்கியத்தைக் கூப்பிடு" என்பார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

இந்த வருஷம் ஆறாம் நம்பர் காடு. கிள்ளுகிறதுக்கு முந்தின நாள் மத்தியானம் எடைக்கு நிற்கிறோம். சூப்பர்வைசர் அருளப்பன் எல்லார் முன்னாலும் சொல்கிறார்: "இந்தத் தடவை யோகராணி கிள்ளட்டும். கைராசிக்காரி, அவ நெரையில ஏறுற எடை யாருக்கும் ஏற மாட்டேங்குது."

எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் இவள் என்ன செய்தாள் தெரியுமா? "வேணாம்ண்ணே. அக்கா இருக்கும்போது நான் எப்படி? அக்காவே கிள்ளட்டும்" என்றாள்.

பார்த்தாயா சாமர்த்தியத்தை? இருபது பேர் முன்னால் விட்டுக் கொடுத்தால் யாருக்கு நல்ல பேர்? கொடுத்ததை வாங்கிக் கொண்டால் நான் பிச்சை வாங்கினவள் ஆக மாட்டேனா? "அருளப்பண்ணன் சொன்னா சொன்னதுதான், நீயே கிள்ளு தாயி" என்று சொல்லிவிட்டேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். என் சிரிப்பை யார் பார்த்தார்கள்?

இன்னொன்றும் இருக்கிறது. மாடசாமிக்கு எண்ணெய் விளக்கு வைக்கக் கூடாது என்று இந்த வருஷம் ஒரு பேச்சு. கரடிக்கு எண்ணெய் என்றால் உயிர். கோயில் கதவை உடைத்து விளக்கு எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகும். எங்கள் பக்கத்தில் இது எல்லாருக்கும் தெரியும். வனத்துறைக்காரர்கள் காட்டோரம் போர்டு வைத்துவிட்டார்கள், எண்ணெய், வெல்லம், தேங்காய் எதுவும் வைக்காதீர்கள் என்று. எஸ்டேட்டிலும் சொல்லிவிட்டார்கள், மீறி வைக்கிற ஆளுக்கு மறுநாள் வேலை கிடையாது என்று. பெண்களை எல்லாம் உட்கார வைத்து இதைப் பேசினது யார்? இவள்தான். "கற்பூரம் போதும்க்கா. ஏத்தி, அணையுற வரைக்கும் நின்னு பாத்துட்டு வந்துருவோம். மாடசாமி கோவிச்சுக்காது." மாடசாமி இவளிடம் வந்து சொன்னதா?

நான் என்ன நினைத்தேன் என்றால், முதல் கொழுந்துதான் அவளுக்குப் போய்விட்டது, விளக்காவது என் விளக்காக இருக்கட்டும். எல்லாரும் வந்து பார்க்கிறபோது கல் முன்னால் ஐந்து முகமும் எரிய வேண்டும். யார் வைத்தது, யார் வைத்தது என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான் கண்ணு என் ஆசை. அது ஒரு பெரிய ஆசையா?

அன்றைக்குச் சாயங்காலம் வேலை விட்டதும் ஒருத்திக்கும் தெரியாமல் போனேன். பண்டிகைக்கு என்று வாங்கி வைத்த செக்கு நல்லெண்ணெய், அரை லிட்டர். வீட்டிலிருந்த பெரிய ஐந்து முக அகல். ஒரு உருண்டை வெல்லம். எண்ணெயை அகல் வழிய ஊற்றி, திரியைப் போட்டு, காலையில் வந்து ஏற்றிக்கொள்ளலாம் என்று ஒரு தகரத்தால் மூடிவிட்டு வந்தேன். மூடித்தான் வைத்தேன். மூடாமல் ஒன்றும் வரவில்லை.

காலையில் எல்லாருக்கும் முன்னால் கிளம்பினேன். அவர்கள் வருவதற்குள் ஏற்றிவிட வேண்டுமே. நல்ல பனி. எதிரே நாலு செடிதான் தெரிகிறது. பின்னால் இவள் குரல்: "அக்கா, தனியாப் போகாத, நில்லு, நானும் வாறேன்." கேட்டது. நிற்பேனா? முதலில் போய் நிற்க வேண்டும் என்றுதானே இவளும் ஓடி வருகிறாள் என்று நான் இன்னும் வேகமாக நடந்தேன்.

கல் பக்கத்தில் யாரோ கறுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு குனிந்திருக்கிற மாதிரி இருந்தது. "யாரது என் விளக்கில கை வைக்கிறது?" என்றேன். சத்தியமாக அப்படித்தான் கேட்டேன். அது தலையைத் தூக்கினது. மூக்கெல்லாம் எண்ணெய்.

அப்புறம் நான் கீழே கிடக்கிறேன். அது என்மேல். வலிகூட உடனே தெரியவில்லை. வாயெல்லாம் அதன் மயிர், மூச்சில் என் வீட்டு நல்லெண்ணெய் வாசனை. அதை மட்டும் மறக்கவே முடியவில்லை. இவள் கையில் கவ்வாத்துக் கத்தி இருந்தது. கல்லைச் சுற்றிப் புல் வெட்டுவதற்கு என்று எடுத்து வந்திருந்தாள். வெட்டினாள். கழுத்தில் ஒன்று. அது விடவில்லை. மறுபடி ஒன்று. மறுபடியும் ஒன்று. மூன்றாவதுக்கு அது என்னை விட்டுவிட்டு, செடிகளுக்கு நடுவே இறங்கி, பத்து நிரை தள்ளி, மழைத்தண்ணீர் ஓடுகிற கானில் போய்ப் படுத்தது. படுத்ததுதான்.

உன் போனில் இருக்கிறவர்களுக்கு அந்த மூன்றாவது வெட்டுதானே சண்டை? இரண்டோடு நிறுத்தியிருக்கலாம், மூன்றாவதுக்கு முன்னாலேயே கரடி திரும்பிவிட்டது, திரும்பின மிருகத்தை வெட்டினால் அது தற்காப்பு இல்லை என்கிறார்கள். அதை யார் பார்த்தது? பனியில் இருந்தது மூன்று பேர். கரடி செத்துப் போச்சு. வெட்டினவள் பேச்சை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மிச்சம் நான் ஒருத்திதான். "ஆமாம் சார், கரடி திரும்பிருச்சு சார்" என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவள் கதை முடிந்தது.

என்ன அப்படிப் பார்க்கிறாய்? ஆமாம், நினைத்தேன். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ஒரு நாள் முழுக்க அதையேதான் நினைத்தேன். நினைப்பது குற்றமா? வெளியே அவளைப் பார்க்க ஜீப்பில் வருகிறார்கள். சங்கத்துக்காரர்கள் சால்வை கொண்டு வருகிறார்கள். கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் ஒரு பக்கம் கரடிக்கு நீதி என்று அட்டை, எதிர்ப் பக்கம் யோகராணி மேல் கை வைக்காதே என்று அட்டை. வெளி எஸ்டேட் பெண்கள்கூட வந்து அவள் கையைத் தொட்டுப் பார்க்கிறார்களாம். என் கட்டில் பக்கம் வந்து ஒருத்தி கேட்கிறாள், "நீங்க அந்தக் கரடி வெட்டின அம்மாவுக்குச் சொந்தமா?" தலையில் இருபத்திரண்டு தையலோடு படுத்திருக்கிறவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது?

இவளோ ஒன்பது நாளும் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தாள். கஞ்சி ஊட்டினாள். தையலுக்கு நடுவில் மிஞ்சின மயிரைச் சிக்கெடுத்து விட்டாள். நல்லதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒன்பது நாளும் கஞ்சியில் உப்புக் குறைச்சல்.

அங்கேயே மைக்கை நீட்டினார்கள் ஒரு நாள். என்ன சொன்னாள் தெரியுமா? "பாவம் அது. எண்ணெ குடிக்கத்தானே வந்துச்சு. அக்காவ விட்டிருந்தா நான் ஏன் வெட்டப்போறேன்" என்று சொல்லி அழுதாள். அவ்வளவுதான்! கரடிக்காக அழுகிறார்களே, அவர்களிலும் பாதிப் பேர் இவள் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். வெட்டினவளும் அவள், வெட்டினதுக்கு அழுதவளும் அவள். எனக்கு என்ன கண்ணு மிச்சம் வைத்தாள்?

சொல்லிக்கொண்டே வருகிறேன், கோபப்படாதே. கேஸ் நடக்கிறது. இன்றைக்கு ரேஞ்சர் ஆபீசில் என்னுடைய வாக்குமூலம். ஆஸ்பத்திரியில் இருந்தபடியால் இத்தனை நாள் என்னைக் கேட்கவில்லை. அவளையும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

நேற்று வக்கீல் லயத்துக்கே வந்தார். பெண்கள் சங்கம் ஏற்பாடு செய்த வக்கீல், சின்னப் பெண்தான், உன் வயசு இருக்கும். என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். "அம்மா, மூணாவது வெட்டை எல்லாம் நான் பாத்துக்குவேன். மனுஷங்க மேல கெடக்குற மிருகத்த வெட்டினா குத்தமில்லன்னு சட்டத்துலயே இருக்கு. பிரச்சினை அது இல்ல. எண்ணெய்தான் பிரச்சினை."

கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

"எண்ணெய் வெச்சது நான்தான்னு யோகராணியம்மா முதல் நாளே எழுதிக் குடுத்துட்டாங்க. யாரையும் கேக்கல. இப்ப எதிர்ப்பக்கம் அதப் பிடிச்சுக்கிட்டாங்க. கரடி வரும்னு தெரிஞ்சே எண்ணெய வெச்சு, கையில கத்தியோட போயிருக்காங்க, இது தற்காப்பு இல்ல, வேட்டைங்கறாங்க. தப்பு செஞ்சவங்களுக்குத் தற்காப்புன்னு சொல்ல வழியில்ல அம்மா. உள்ள போயிருவாங்க. வருஷக்கணக்குல."

சாயங்காலம் இவளைத் தண்ணீர்ப் பைப்படியில் பிடித்தேன். "ஏன்டி அப்படி எழுதிக் குடுத்த?" என்றேன். குடத்தை வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "உடைஞ்சு கெடந்த அகலைப் பாத்ததுமே தெரிஞ்சுது, உன் வீட்டு அகலுதான்னு. மத்தவங்க ஓடி வாறதுக்குள்ள கொழுந்துப் பையில போட்டு எடுத்துட்டேன். நீ ரத்தத்துல கெடக்குற. கல்லெல்லாம் எண்ணெ, யார் வெச்சதுன்னு அருளப்பண்ணன் கத்துறாரு. உன் பேரச் சொன்னா வேல போயிரும். லயத்த விட்டு எறங்கச் சொல்லுவாங்க. அந்த நேரத்துல வேற என்னக்கா வந்துச்சு வாயில? என் வேல போனா போகட்டும்னு நான்தான்னுட்டேன். ஜெயில் வரைக்கும் போகும்னு யாருக்குத் தெரியும்?"

"இப்ப தெரிஞ்சிருச்சுல்ல?"

"தெரிஞ்சிருச்சு. பரவால்லக்கா. நீ அதையே சொல்லிரு. உனக்கு ஒன்னும் வராது."

கேட்டாயா கண்ணு? பரவாயில்லையாம். என் வீட்டுக்காரரும் அதைத்தான் சொல்கிறார். "வாய மூடிட்டு வா பாக்கியம். அவளே ஒத்துக்கிட்டா. நீ எதுக்கு நடுவுல போயி வேலையையும் வீட்டையும் விடணும்?" கொழுந்தன் சந்தனம், அவள் வீட்டுக்காரன், வாசலில் உட்கார்ந்து அவளுடைய செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தான், இன்றைக்குப் போட்டுக்கொண்டு வருவதற்கு.

ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. நீயே சொல். பண்டிகைக்கு வைத்திருந்த எண்ணெய் யாருடையது? என்னுடையது. ஐந்து முக அகல் யாருடையது? என்னுடையது. போர்டைப் படித்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் பயந்து பயந்து போய் ஊற்றினது யார்? முதல் கொழுந்தை எடுத்துக்கொண்டாள், சரி. கரடியை எடுத்துக்கொண்டாள். அழுகையை எடுத்துக்கொண்டாள். சால்வை, மைக், பதினாலு தடவை பெயர், எல்லாம் எடுத்துக்கொண்டாள். கடைசியில் நான் செய்தது என்று இந்த உலகத்தில் ஒன்றே ஒன்று இருந்தது. அதையும் ஒரு கையெழுத்துப் போட்டு அவள் பெயருக்கு எழுதிக்கொண்டாள்!

இதை எப்படிம்மா விட முடியும்?

அவள் ஜெயிலுக்குப் போனால் எனக்கு நிம்மதி என்று நினைக்கிறாயா? அட போ. போகிற அன்றைக்கு ஊரே வந்து வழியனுப்பும். ஓரகத்திக்காகப் போனவள் என்று பேசுவார்கள். வெளியே வருகிற அன்றைக்கு மாலை. அதுவரைக்கும் ஒவ்வொரு நாளும் ஐந்தாவது வீட்டுக் கதவு பூட்டிக் கிடக்கும், நான் நாலாவது வீட்டில் உட்கார்ந்து அந்தப் பூட்டையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சந்தனத்துக்கு யார் சோறு போடுவது? நான்தான். அப்போதும் என்ன சொல்வார்கள்? யோகராணி புருஷனுக்கு அவள் சோறு போடுகிறாள் என்பார்கள். அங்கேயும் அவள் பெயர்தான்.

முடியாது. நான் சொல்லப்போகிறேன். எண்ணெய் என்னுடையது, அகல் என்னுடையது, வெல்லம்கூட என்னுடையது. எந்தக் கடையில் வாங்கினேன் என்று கேட்டால் அதையும் சொல்வேன். அவள் கொழுந்துப் பையைப் பிரித்துப் பாருங்கள், எண்ணெய் வாசம் இன்னும் போயிருக்காது, உடைந்த அகல் துண்டு இருக்கும் என்பேன். மூன்றாவது வெட்டு விழுந்தபோதும் கரடி என்மேல்தான் இருந்தது என்று சொல்வேன். இருந்ததைத்தானே சொல்கிறேன்? அதில் எனக்கு என்ன நஷ்டம்? வெட்டு அவளுடையது, அதை அவளே வைத்துக்கொள்ளட்டும். எண்ணெயைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

வேலை போகும். தெரியும். வீடும் போகும் என்கிறார்கள். கேஸும் போடுவார்களோ என்னவோ. காலையில் வக்கீல் பெண்ணுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். கேட்டாள், "யோசிச்சுத்தான் சொல்றீங்களாம்மா? நீங்க இதச் சொன்னா அவங்க கேஸிலருந்து வெளியில வந்துருவாங்க, ஆனா உங்களுக்குக் கஷ்டம்" என்று. அவள் வெளியில் வருவதற்காக நான் சொல்லவில்லை, அதை நீங்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்று சொன்னேன். உனக்கும் அதைத்தான் சொல்கிறேன். யாராவது பின்னால் மாற்றிப் பேசினால் நீ சாட்சி.

இவளுக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் பஸ்ஸிலேயே அழுது காலைப் பிடித்து, கண்டக்டரிலிருந்து எல்லாரும் அவளைப் பாவம் என்று சொல்ல வைத்துவிடுவாள்.

இந்த வளைவு தாண்டினால் நாங்கள் இறங்குகிற இடம் வந்துவிடும். நீ இந்தப் போனில் எழுதுகிற பெண்தானே, கீழே கருத்துச் சொல்கிற இடத்தில்? இரண்டு வரி எழுதிப் போடேன். உடன் வேலை செய்த பெண் இல்லை, சிவபாக்கியம் என்று எழுது. எண்ணெய் வைத்தது சிவபாக்கியம். எழுத்துப் பிழை இல்லாமல் எழுது கண்ணு, ஒரு தடவைதான் வரப்போகிறது.

இதோ எழுந்துவிட்டாள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு நேராக இங்கேதான் வருகிறாள். கையை நீட்டுகிறாள் பார், நான் விழுந்துவிடுவேனாம்.

"மெதுவா எந்திரி அக்கா. என் தோளப் பிடிச்சுக்க, நான் முன்னால எறங்கிக் கூட்டிட்டுப் போறேன்."

"நகருடி. இன்னைக்குக் கூப்பிட்டிருக்கறது என்னைய. நீ பின்னால வா."